சிறுவர் ஓவியக் கையேடு: ‘போர்ட்ரெய்ட்’ என்பதற்கு எந்தச் சொல்?

மதுரை, ஓவிய ஆசிரியை எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக ஓவியக் கையேடு ஒன்றைத் தமிழில் தொகுத்து வருகிறோம். மாதக் கடைசியில் அது அச்சுக்குப் போக வேண்டும். எதிரில் இருப்பவரைப் பார்த்து வரைவது, பின்பு அதே ஆளை வெவ்வேறு பாணிகளில் திரும்பத் திரும்ப வரைந்து பார்ப்பது என்று பாடம் அமைந்திருக்கிறது. மாதிரிக்கு அமர்பவர்களுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் வான்கோ 1886க்கும் 1889க்கும் இடையில் கண்ணாடியைப் பார்த்துத் தம்மையே வரைந்த 30க்கும் மேற்பட்ட படங்களில் தொடங்குகிறோம். அடுத்து, மத்தீஸ் 1905இல் தம் மனைவியின் முகத்தில் நெற்றி முதல் மோவாய் வரை பச்சை நிறத்தை இழுத்துவிட்ட படமும், பேரரசர் இரண்டாம் ருடால்ஃபை அர்ச்சிம்போல்தோ காய்கனிகளாலேயே ஆக்கிக் காட்டிய படமும், பிக்காசோ 1937இல் வரைந்த ‘அழும் பெண்’ணும் வருகின்றன.

இன்னார் என்று ஒருவரை வரையும் இத்தகைய படத்தை ஆங்கிலத்தில் ‘போர்ட்ரெய்ட்’ என்கிறார்கள். இவை அனைத்துக்கும் பொதுவாக அதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். வரைவில் ‘உருவப்படம்’ என்று எழுதி, வகுப்பிலும் சொல்லிப் பார்த்தேன். “பாட்டியின் உருவப்படத்தை வரைந்து வாருங்கள்” என்றதும் ஒரு சிறுமி எழுந்து, “எங்க பாட்டி உயிரோடதான் இருக்காங்க டீச்சர்” என்றாள். உருவப்படத் திறப்பு, உருவப்படத்துக்கு மலர் தூவி மரியாதை என்றே அந்தச் சொல்லைப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். ‘முகப்படம்’ என்று மாற்றினேன். உடனே எல்லோரும் ஆதார் அட்டையில் இருப்பதைப் போல நேரே பார்க்கும் விறைத்த முகத்தை வரைந்தார்கள். தோளும் கையும் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் தாளில் வரவேயில்லை. தன்னைத் தானே வரைவதற்கும், ஒன்றைப் பல கோணங்களிலிருந்து ஒருங்கே காட்டும் கியூபிசம் முதலிய ஓவியப் போக்குகளுக்கும் சேர்த்தே சொல் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.


திருச்சி, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் தேடும் பொருள் ‘ஓவியம்’ என்னும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் கருத்து. ‘ஓவத்தன்ன இடனுடை வரைப்பின்’ என்னும் புறநானூற்று அடியில் வரும் ‘ஓவம்’ பழைய வடிவம். இதனை ‘ஓவு’ என்னும் வினையோடு சேர்த்து, அசைவு ஓய்ந்து நிற்பது என்று பொருள் காண்பவர்கள் உண்டு. நான் ‘ஒவ்வு’ என்பதையே வேராகக் கொள்கிறேன். ஒவ்வுதலாவது ஒத்திருத்தல்; ஒன்றை ஒத்திருப்பதால் அது ஓவம். மதுரைக்காஞ்சி ஓவியரைக் கூறுமிடத்தில் ‘எவ்வகைச் செய்தியும் உவமங் காட்டி’ என்று தொடங்கி, ‘நுண்ணிதின் உணர்ந்த நுழைந்த நோக்கின் கண்ணுள் வினைஞர்’ என்று முடிப்பதைக் காண்க. உவமம் காட்டுவதே அவர்கள் தொழில். உவமம், ஒப்பு, ஒவ்வு, ஓவம் ஆகிய அனைத்தும் ஒரு குடும்பம் என்பது என் எண்ணம். ஆகவே ‘ஒப்போவியம்’ என்று வழங்கலாம். பிள்ளைகள் முதலில் வண்ணமின்றிக் கோட்டால் வரைவதற்கு நெடுநல்வாடையிலும் மணிமேகலையிலும் உள்ள ‘புனையா ஓவியம்’ என்னும் தொடர் ஆயத்தமாக இருக்கிறது. அதையும் கையேட்டில் சேர்க்க வேண்டுகிறேன்.


கோயம்புத்தூர், மென்பொருள் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

பேராசிரியர் ஐயாவின் வேர்ச்சொல் ஆய்வை மதிக்கிறேன். ஆனால் பதினொரு வயதுப் பிள்ளை ‘ஒப்போவியம்’ என்பதைக் கேட்டு எதைப் புரிந்துகொள்ளும்? கைப்பேசிப் படக்கருவியில் ‘போர்ட்ரெய்ட்’ என்னும் சொல்லைப் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். அதையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு, நேரத்தைப் படம் வரைவதில் செலவிடலாம். சொல் தூய்மையாக இருந்து பாடம் விளங்காமல் போனால் இழப்பு பிள்ளைகளுக்குத்தான்.


யாழ்ப்பாணம், சித்திர ஆசிரியர் எழுதியது:

வணக்கம். எங்கள் பாடசாலைகளில் பாடத்தின் பெயரே ‘சித்திரம்’ என்பதால், ‘ஓவியம்’ என்று தொடங்கும் எந்தச் சொல்லும் எங்கள் பிள்ளைகளுக்குச் சற்று ஏட்டு வழக்காகத்தான் தோன்றும். ‘பிரதிமை’ என்று எழுதுவோரும் இங்கே உண்டு. கோயில் விக்கிரகத்தையும் அதே சொல் குறிப்பதால் எனக்கு அதில் நிறைவில்லை.

கைப்பேசிச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ‘போர்ட்ரெய்ட்’ என்பது பின்னணியை மங்கலாக்கும் ஒரு வசதி; ஒரு பக்கத்தை நெடுக்காக வைக்கும் முறைக்கும் அதே பெயர்தான். பிள்ளைக்குத் தெரிந்த சொல் என்று நாம் நினைப்பதைப் பிள்ளை வேறு பொருளில் அறிந்திருக்கிறது.


சென்னை, ஓவியர் எழுதியது:

சிறுவர் வகுப்புகளை நெடுங்காலமாக நடத்தி வருபவன் என்ற முறையில், ‘ஒப்போவியம்’ வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வயதில்தான் பிள்ளைகள் “அவனை மாதிரி வரலை” என்று சொல்லித் தாளைக் கசக்கிப் போடுகிறார்கள். அதுவரை கூச்சமின்றி வரைந்த கை அந்த வயதில் நின்றுவிடுகிறது. பலருக்கு அதன்பின் அது திரும்புவதேயில்லை. வெவ்வேறு பாணிகளை அறிமுகப்படுத்துவதன் முதல் பயன், ஒத்திருப்பது ஒன்றே அளவுகோல் அன்று என்பதைப் பிள்ளைக்குக் கண்ணால் காட்டிவிடுவதுதான். ‘அழும் பெண்’ணில் பக்கவாட்டு முகமும் நேர்முகமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, வாயருகே பிடித்த கைக்குட்டை உடைந்த கண்ணாடிச் சில்லுகளாகத் தெரிகிறது. அந்தப் படத்தைக் காட்டி, “இவருக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்டால் ஒரு பிள்ளைகூட “மூக்கு சரியில்லை” என்று சொல்வதில்லை, அழுகிறார் என்றே சொல்கிறார்கள். அப்படிப்பட்ட பாடத்தின் தலைப்பிலேயே ‘ஒப்பு’ என்று எழுதிவைத்தால், எந்த அச்சத்தைப் போக்க வந்தோமோ அதையே மேலும் வளர்ப்போம்.

அதற்காகக் கூர்ந்து பார்க்கும் பயிற்சியைக் கைவிடச் சொல்லவில்லை. ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் கண்களை நெற்றி உச்சிக்கு அருகில் வரைகிறார்கள். தலையின் உயரத்தில் சரிபாதியில்தான் கண்கள் இருக்கின்றன. உச்சந்தலையிலிருந்து கண்வரை ஒரு பென்சிலால் அளந்து, அதே அளவைக் கண்ணிலிருந்து மோவாய்வரை வைத்துப் பார்க்கச் சொன்னால் அவர்களே வியந்துபோகிறார்கள். அந்த அளவைக் கற்றுக்கொண்ட பிறகு அதை மீறுவதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. இன்னாரை வரைகிறோம் என்பதுதான் இங்கே நிலையானது, எப்படி வரைகிறோம் என்பது மாறிக்கொண்டே இருக்கும். எனவே ‘ஆளோவியம்’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். அதில் ஆள் இருக்கிறார். முகம் மட்டும் என்ற கட்டுப்பாடும் இல்லை, ஒத்திருக்க வேண்டும் என்ற மிரட்டலும் இல்லை.


திருச்சிப் பேராசிரியர்:

ஓவியர் அவர்கள் ஒப்புமையைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன்; ‘ஒப்போவிய’த்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆயினும் ‘ஆளோவியம்’ எனக்கு உடன்பாடன்று. அதனை வினைத்தொகையாகப் பிரித்தால் ஆள்கின்ற ஓவியம் என்று பொருள்படும். அதைவிட, தமிழ்நாட்டு வழக்கில் ‘ஆள்’ என்பதற்குக் கூலியாள், வேலையாள், ‘அந்த ஆள்’ என்று மதிப்புக் குறைந்த சாயல் ஏறியிருக்கிறது. ஒரு பிள்ளை தன் தாயை வரைந்துவிட்டு அதற்கு ‘ஆளோவியம்’ என்று பெயரிடுவது எனக்கு இசையவில்லை.

‘உரு’ என்பதை நாம் மாலைக்கும் மேடைக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. காதல் கைகூட வேண்டிப் பனைமடல் குதிரையில் ஏறும் தலைவன், தலைவியின் உருவெழுதிய கிழியைக் கையிலேந்தி மன்றத்துக்கு வருவது கோவை என்னும் அகப்பொருள் நூல்களில் காணும் மரபு. தான் விரும்பும் ஒருத்தியை, உயிரோடு இருக்கும் ஒருத்தியை, ஊரார் கண்டுகொள்ளுமாறு துணியில் எழுதுகிறான் அவன். போர்ட்ரெய்ட் என்பதற்கு இதைவிடப் பொருந்திய இலக்கியச் சான்று எங்கே கிடைக்கும்? ஆகவே ‘உருவோவியம்’ என்க. உரு என்னும் நிலைமொழியோடு ஓவியம் சேர வகர உடம்படுமெய் இயல்பாகவே தோன்றுகிறது. இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையில் அரச உருவங்களின் மேல் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று பெயர் பொறித்திருக்கிறார்கள். முகச்சாயலைக் கொண்டன்றிப் பெயர் பொறித்தே இன்னார் என்று உணர்த்தியதும் நம் மரபில் உண்டு என்பதற்கு அது சான்று. ஓவியர் கூறும் கருத்துக்கும் இது துணை நிற்கும்.


யாழ்ப்பாண ஆசிரியர்:

‘ஆள்’ என்பதில் இழிவு இருப்பதாக எங்கள் பேச்சில் நாங்கள் உணர்வதில்லை. ‘நல்ல ஆள்’ என்று பெரியவர்களைப் பற்றியும் இயல்பாகச் சொல்கிறோம். ஒரு நாட்டு வழக்கில் ஏறிய சாயலை வைத்து எல்லோருக்குமான சொல்லைத் தள்ளிவிடுவது சரியாகுமா என்று பேராசிரியர் ஐயா எண்ணிப் பார்க்க வேண்டும்.


கோவை மொழிபெயர்ப்பாளர்:

போர்ட்ரெய்ட் என்பதை விட்டுக்கொடுக்கிறேன். ‘ஆளோவியம்’ உடனே விளங்குகிறது. ஆனால் கியூபிசம் முதலியவற்றைத் தயவுசெய்து மொழிபெயர்க்க வேண்டாம். அந்தப் பெயர்கள் பெரும்பாலும் தற்செயலாகவும் ஏளனமாகவும் பிறந்தவை. 1874இல் மோனேயின் படத்தலைப்பில் இருந்த ‘இம்ப்ரெஷன்’ என்னும் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு விமர்சகர் பழித்ததில் ‘இம்ப்ரெஷனிசம்’ வந்தது. ஓவியர் பிராக்கின் படங்களில் கனசதுரங்கள் தெரிகின்றன என்று 1908இல் இன்னொருவர் எழுதியதிலிருந்து கியூபிசம் வந்தது. நாம் ‘கனசதுரவாதம்’ என்று எழுதினால், பிள்ளை கணக்குப் பாடத்தில் படித்த கனசதுரத்தைப் படத்தில் தேடும்.


திருச்சிப் பேராசிரியர்:

‘வாதம்’ வேண்டாம் என்பதில் நாம் ஒன்றுபடுகிறோம். அது வடசொல் என்பதோடு, கை கால் முடக்கத்தையும் பிள்ளைகளுக்கு நினைவூட்டும். ‘இயம்’ என்னும் ஈறு இருக்கிறதே. கனவியம் என்று ஏன் வழங்கக் கூடாது?


சென்னை ஓவியர்:

ஐயா, ‘கனவியம்’ என்று கேட்டதும் எவரும் கனவையே நினைப்பார்கள். கனவுலகை வரையும் சர்ரியலிசம் அடுத்த பாடமாகவே வருகிறது, இரண்டும் குழம்பிவிடும். பெயர்களை அப்படியே விட்டுவிட்டு, அவற்றின் செய்முறையைத் தமிழில் விரிவாக எழுதுவோம். ‘ஒரே முகத்தை முன்னாலும் பக்கத்திலும் இருந்து பார்த்து, இரண்டையும் ஒரே தாளில் சேர்’ என்னும் ஒரு வாக்கியம் போதும். பிள்ளை பென்சிலை எடுத்துவிடும்.


மதுரை ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்துக்கு அனுப்ப வேண்டியிருப்பதால் பெரும்பான்மைக் கருத்தின்படி இப்படி முடித்திருக்கிறேன். பாடத்தலைப்பு ‘ஆளோவியம்’. தன்னைத் தானே வரைவது ‘தன்னோவியம்’. ‘தற்படம்’ செல்ஃபிக்கு வழங்குவதால் அதைத் தவிர்த்தேன். ‘ஓவியப் பாணி’ என்பதை எவரும் மறுக்கவில்லை. தஞ்சாவூர்ப் பாணி, பந்தநல்லூர்ப் பாணி என்று ஆட்டத்திலும் பாட்டிலும் பிள்ளைகள் கேட்ட சொல் அது. ‘புனையா ஓவியம்’ என்னும் தொடரைக் கோட்டு வரைவுக்கான பகுதியில் சேர்த்துவிட்டேன். பிள்ளைகளுக்கு அதன் ஓசையே பிடித்திருக்கிறது. கியூபிசம் முதலியவை ஒலிபெயர்ப்பாகவே நிற்கும்.

புதுமண்டபத்துத் தூணில் திருமலை நாயக்கர் கைகூப்பி நிற்கும் சிலையைக் காட்டப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதும் பாடத்தில் உண்டு. அது ஓவியம் அன்று என்பதால் ‘ஆளோவியம்’ அங்கே பொருந்தாது. அந்தப் பக்கத்தில் மட்டும் ‘உருவச்சிலை’ என்று எழுதியிருக்கிறேன்.


திருச்சிப் பேராசிரியர்:

என் மறுப்பு அப்படியே இருக்கிறது என்பதைப் பதிவுசெய்கிறேன். ‘உருவச்சிலை’க்கு ‘உரு’ வேண்டியிருந்ததைக் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘உருவோவியம்’ என்றிருந்தால் இரண்டும் ஒரு குடும்பமாக நின்றிருக்கும். அடுத்த பதிப்பின் சொற்பட்டியலிலேனும் அதனை மாற்றுச் சொல்லாகச் சேர்க்க வேண்டுகிறேன். ‘ஓவம்’ பற்றிய தனிக் கட்டுரை ஒன்றையும் வரும் வாரத்தில் குழுவுக்கு அனுப்புகிறேன்.