பதவிக்கு வந்ததும் கொள்கைய மறந்தவங்க: நீங்க நேர்ல பாத்தத சொல்லுங்க

வைகைக்கரை:
கட்சி பேரு வேணாம். எங்க வார்டு அண்ணே ஒருத்தரு, கருப்புச்சட்டக் குடும்பம், எங்க அக்கா கல்யாணத்துல நல்ல நேரம் கெட்ட நேரம்லாம் என்னய்யான்னு மைக்கப் புடிச்சா விடவே இல்ல. ஒருவாட்டி கவுன்சிலரா இருந்துட்டு மறுபடி மனுத்தாக்கல் பண்ணப் போறாரு, நானும் கூட. வெள்ளிக்கிழம. பதினொண்ணுக்கே மண்டல ஆபீஸ் வாசல்ல கார் நின்னுருச்சு, ஆளு எறங்கல. கூட்டமே இல்லயேண்ணேங்குறேன், "பன்னெண்டு ஆகட்டும்டா"ங்குறாரு, என் மூஞ்சியப் பாக்காம வாட்ச்சையே பாத்துக்கிட்டு.

மேலூரான்:
ராகுகாலம் பாத்தா பாத்துட்டுப் போறாரு, காசு வாங்காம வேல செஞ்சா எமகண்டமும் சேத்துப் பாக்கட்டும். ஆட்சிக்கு வந்தா மாறுறது இன்னைக்கி நேத்தா? காங்கிரஸ் 1920ல நாக்பூர்லயே மொழிவாரியா மாகாணக் கமிட்டி போட்ட கட்சி, ஆட்சி கைக்கு வந்ததும் இப்ப அவசரமில்லன்னுட்டாங்க, 1952ல பொட்டி ஸ்ரீராமுலு பட்டினி கெடந்து செத்தப்புறம்தான ஆந்திரா வந்துச்சு. அண்ணா இருந்தவரைக்கும் மதுவிலக்குல கை வைக்கல. 1971ல அத நிறுத்துனது அவரு தம்பிங்க ஆட்சி, 2003ல சில்லறைக் கடைய பூராம் டாஸ்மாக் கையில குடுத்தது அவரு பேரையே கட்சிப் பேருல வச்சிருக்க ஆட்சி. இதுல ராகுகாலம் ஒரு குத்தமா?

உசிலை அக்கா:
டாஸ்மாக்னதும் எனக்கு எரியுது. பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடைய மூடுன்னு நாங்க ரோட்டுல உக்காந்தப்ப கூடவே உக்காந்து எல்லாருக்கும் மோர் வாங்கிக் குடுத்த ஆளு, அவுக கட்சி வந்து பொறுப்புக்கு வந்ததும் அதே மனுவத்தான் கொண்டுபோனோம். பிரிக்கக்கூட இல்ல. "நீங்க வாங்குற இலவசமெல்லாம் எந்தக் காசுன்னு நெனைக்கிறீக?"ன்னு சிரிச்சாரு. சிரிச்சதுதான்யா தாங்கல.

திருநகர் சித்தப்பு:
தங்கச்சி, நேர்ல போயி கேட்டா அப்படித்தான். கிராமசபையில தீர்மானம் போட்டு மினிட்ஸ்ல ஏத்துங்க, நகல் கையில இருக்கணும், அத வச்சு திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுங்க, ரசீது இல்லாம எந்திரிக்காதீக. பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் கிராமத்துல 100 மீட்டர், முனிசிபாலிட்டி, மாநகராட்சின்னா 50 மீட்டர் இடைவெளி வேணும்னு விதி இருக்கு, டேப்பப் புடிச்சு அளந்து போட்டோ எடுத்து மனுவோட சேருங்க, கீழ பொம்பளைங்க கையெழுத்தா நெறய இருக்கட்டும். என் கத சின்னது. சைக்கிள்ல வந்து சந்தா கேட்ட தோழரு, பதவிக்கு வந்தப்புறம் துப்புரவு ஆளுங்க சம்பளம் கேட்டு முன்வாசல்ல நின்னப்ப பின்வாசல் வழியாப் போனாரு.

உசிலை அக்கா:
அதெல்லாம் எப்பயோ அளந்தாச்சு சித்தப்பு. கடை வாசல அங்கிட்டு திருப்பி வச்சுட்டாக.