வீலுக்கு எந்த பிரஷ், எந்த கிளீனர்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பழைய காரை வாங்கியபோது அலாய் வீல்களின் உட்பக்கம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். ஷாம்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அசையவில்லை. பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கும் பேடும் தேய்ந்து கிளம்பும் இரும்புத் துகள்கள் சூட்டோடு வந்து கிளியர் கோட்டில் (வீலின் மேலிருக்கும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) ஒட்டிக்கொண்டு, அப்புறம் அங்கேயே துருப்பிடிக்கின்றன. பிரேக் வேலையில் பெரும்பங்கு முன்பக்கம்தான் என்பதால் முன் வீல்கள்தான் மோசமாக இருந்தன.

அயர்ன் ரிமூவர் அடித்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் புள்ளி புள்ளியாக ஊதா கிளம்பி, ஸ்போக் வழியே கோடாக இறங்கியது. அதிலுள்ள தயோகிளைகோலேட் இரும்போடு சேரும்போது வரும் நிறம் அது. வாடைதான் தாங்காது, அழுகிய முட்டையேதான். காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். ஒன்று, ஊதா வந்துவிட்டால் வீல் சுத்தமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இரும்பு இருந்தது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். தார்ப் புள்ளிகள் அப்படியே நின்றன, அதற்குத் தனியாக தார் ரிமூவர் தேவைப்பட்டது.

—

கிளீனரைவிட பிரஷ்தான் அதிகம் கீறுகிறது என்பது என் கட்சி. என்னுடையது பளபளக்கும் கறுப்பு வீல், சின்னக் கீறலும் வெயிலில் பல்லிளிக்கும். உட்பக்கத்துக்கு விற்கிற நீள பிரஷ்கள் பலவற்றில் முறுக்கிய கம்பிதான் தண்டு. நுனியில் ரப்பர் மூடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்போக் இடுக்கில் நுழைத்து இழுக்கும்போது அந்த நுனிதான் உரசுகிறது. இப்போது கம்பியே இல்லாத, பிளாஸ்டிக் தண்டில் மைக்ரோஃபைபர் சுற்றியதை வைத்திருக்கிறேன்.

முகப்புக்கு நுனி பிளந்த மென்மையான இழைகள் போதும். டயருக்கான முரட்டு பிரஷ் வீல் பக்கமே வரக்கூடாது. போல்ட் குழிகளுக்குச் சின்னதாக ஒன்று. வீலுக்குத் தனி வாளி, தனி துணி. அதில் தங்கும் இரும்புத் துகள் பாடியில் பட்டால் பெயின்ட் போச்சு. தேய்க்கும் முன் தண்ணீரைப் பீய்ச்சி மணலை இறக்கிவிடுங்கள், இதைத்தான் நிறையப் பேர் செய்வதில்லை.

—

மேலே எழுதிய இரண்டு பேருமே கிளியர் கோட் இருக்கும் வீலை மனதில் வைத்துச் சொல்கிறீர்கள். என் நண்பரின் வீல் பாலிஷ் செய்த வெறும் அலுமினியம், மேலே எந்தப் பூச்சும் கிடையாது. கழுவக் கொடுத்த இடத்தில் ஆசிட் கிளீனர் அடித்துவிட்டார்கள். கண்ணாடி மாதிரி இருந்தது பால் தெளித்தாற்போல மங்கித் திரும்பி வந்தது. கழுவினால் போகாது, உலோகமே அரிக்கப்பட்டிருக்கிறது. திரும்ப பாலிஷ் போட்டுத்தான் மீட்டார். காஸ்டிக் சோடா கலந்த காரக் கிளீனரும் இதே வேலையைச் செய்யும். அனோடைஸ் செய்த, அதாவது மின்சார முறையில் ஆக்சைடு படலம் ஏற்றிய வீலுக்கும் இரண்டுமே ஆகாது.

ஆகவே பாட்டிலை எடுக்கும் முன் உங்கள் வீலின் மேற்பரப்பு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரியவில்லையா? அமிலமும் இல்லாத, காரமும் இல்லாத பிஎச் நடுநிலையான கிளீனர், அதையும் உட்பக்க ஓரத்தில் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்துவிட்டு.

இன்னொன்று, இது வீலைப் பற்றியதல்ல. சில ஆசிட் கிளீனர்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். தோலில் பட்டால் உடனே எரியாமலும் போகலாம். உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், வலி மணிக்கணக்கில் கழித்து வரலாம். பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே, வலிக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். லேபிளில் இந்தப் பெயர்கள் இருந்தால் நான் அந்த பாட்டிலைத் தொடுவதில்லை.

—

மேலே சொன்னதெல்லாம் சரி. வண்டியை ஓட்டி வந்த கையோடு மட்டும் ஆரம்பிக்காதீர்கள். சூடான வீலில் கிளீனர் நிமிடத்தில் காய்ந்து கறையாகிவிடும். கை வைத்துப் பார்த்து, ஆறியிருந்தால் நிழலில் ஒவ்வொரு வீலாக முடியுங்கள்.

கழுவி நிறுத்திய டிஸ்க்கில் மறுநாள் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் பதற வேண்டாம், மெல்லிய துருதான். கழுவிய உடனே கொஞ்ச தூரம் ஓட்டி, மெதுவாக பிரேக் பிடித்து உலர்த்திவிட்டால் அதுவும் வராது.

—

பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் வீல் வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பாலிஷ் போட்டால் அங்கங்கே பளபளப்பு ஏறிவிடும் என்பதால் ஷாம்புவோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன். அயர்ன் ரிமூவர் அடித்துப் பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.