60 மீட்டர் தடுப்பு விதி இருந்தும் பழைய சுரங்கத் தண்ணீர் எப்படி உடைத்துக்கொண்டு வருகிறது?

நிலவறை:
ஓவர்மேன் (நிலக்கரிச் சுரங்க மேற்பார்வையாளர்) தேர்வுக்குப் படிக்கிறேன். 1975 சாஸ்னாலா (375 பேர் பலி), 2001 பாக்டிகி (29 பேர் பலி) இரண்டும் ஜாரியா நிலக்கரி வயலில் நடந்த சுரங்க விபத்துகள். இரண்டிலும் பழைய வேலைகளில் (கரி வெட்டிக் கைவிட்ட பகுதிகளில்) தேங்கிய தண்ணீர்தான் உள்ளே பாய்ந்தது. கைவிட்ட வேலைக்கு 60 மீட்டருக்குள் எழுத்து அனுமதி இல்லாமல் போகக்கூடாது என்று 1957 நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளிலேயே வந்துவிட்டது. பிறகு எங்கே தவறுகிறது? இடர் மதிப்பீட்டில் "முன்துளை (முன்னால் என்ன இருக்கிறது என்று அறியும் துளை) போட வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால் போதுமா?

சர்வே மேசை:
அந்த 60 மீட்டரைப் பிளானில்தான் (சுரங்க வரைபடத்தில்) அளக்கிறோம். பிளான் தப்பாக இருந்தால் விதி இருந்தும் பயனில்லை.

தேசியமயத்துக்கு முந்தைய பல சுரங்கங்களில், மூடுவதற்கு முன் கடைசியாக வெட்டிய கேலரிகள் (கரிக்குள் வெட்டிய வழிகள்) சர்வேயில் ஏறவே இல்லை. இரண்டாவது சிக்கல், இரு சுரங்கப் பிளான்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பது. வெவ்வேறு காலத்தில் காந்த வடக்கை வைத்து வரைந்தவை என்றால் திசை பிசகும். ஒரு பாகை பிசகினால் 1 கிலோமீட்டரில் சுமார் 17 மீட்டர் விலகல். அடிக்கணக்கு அளவுகோல், சுருங்கிப்போன பழைய தாள் இவையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இரு சுரங்கங்களையும் மேற்பரப்பு நிலையங்கள் வழியாக ஒரே ஆயத்தொலை முறையில் இணைத்துச் சர்வே செய்த பிறகே தடுப்பின் (இடையில் விட்ட திடக்கரியின்) அகலத்தை நம்புங்கள்.

இன்னொன்று: 60 மீட்டர் என்பது கிடையாக மட்டுமல்ல, செங்குத்தாக, சாய்வாக, எந்தத் திசையிலும். உங்கள் பிளானில் தெரியாத மேல் சீம் (கரிப் படலம்) வேலை, வெட்டுமுகப் படத்தில் தலைக்கு மேலேயே இருக்கலாம்.

ஏற்றம் இறக்கம்:
தம்பி, ஒரு வரி போதாது. அனுமதி வாங்கி உள்ளே போகும்போது கேலரியின் உயரமோ அகலமோ 2.4 மீட்டரைத் தாண்டக்கூடாது. முகப்பின் (வெட்டிக்கொண்டிருக்கும் கரிச்சுவரின்) நடுவில் ஒரு துளை, இரு பக்கமும் பக்கத்துளைகள், தேவைப்பட்டால் மேலும் கீழும். இடைவெளி 5 மீட்டருக்கு மிகாமல். துளை எப்போதும் முகப்புக்கு முன்னால் 3 மீட்டராவது இருக்க வேண்டும்.

அந்த 3 மீட்டர் வெடி வைத்த பிறகும் மிஞ்ச வேண்டும். 12 மீட்டர் துளை, வெடிக்கு 1.2 மீட்டர் முன்னேற்றம் என்றால் ஏழு வெடிக்குப் பின் 3.6 மீட்டர் மீதி. எட்டாவது வைத்தால் 2.4. அதனால் ஏழோடு நிறுத்தி மறுபடி துளை போடுங்கள். மதிப்பீட்டில் இந்தக் கணக்கையும், வெடிக்கு முன் மீதி நீளத்தை அளந்து கையெழுத்திடுவது யார் என்பதையும் எழுதுங்கள்.

நிலவறை:
நடுத்துளை முழுக்கக் கரி என்றால் முன்னால் திடம்தானே அண்ணா? பக்கத்துளை எதற்கு?

ஏற்றம் இறக்கம்:
இங்கேதான் ஆள் சாகிறது. பழைய வேலையிலும் பில்லர்கள் (வெட்டாமல் விட்ட கரித்தூண்கள்) உண்டு. நடுத்துளை அந்தப் பில்லருக்குள் ஓடினால் கடைசி வரை கரிதான் வரும், பழைய கேலரியோ இரண்டு மீட்டர் இடப்பக்கம் தண்ணீரோடு நிற்கும். உங்கள் கேலரி பழைய கேலரிக்கு இணையாக ஓடினாலும் இதே கதை. அதைப் பக்கத்துளைதான் காட்டும். நீளத்துளை கோடு விலகிச் சரியக்கூடும் என்பதால், தூளில் கரியா கல்லா என்று ஒவ்வொரு மீட்டருக்கும் குறியுங்கள். கல் வந்தால் துளை சீமை விட்டு வெளியேறிவிட்டது, அது கணக்கில் வராது.

காற்றுவழி:
துளை போடுகிறவரின் பாதுகாப்பையும் சேர்க்கிறேன். 10 மீட்டர் நீர்மட்டம் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம். 50 மீட்டர் நீர் 2.4க்கு 2.4 முகப்பில் 288 டன்னாகத் தள்ளும். நீர் இருக்கலாம் என்ற இடத்தில் வெறும் துளை வேண்டாம். முதலில் திடக்கரியில் ஸ்டாண்ட் பைப்பை (துளை வாயில் பதிக்கும் குழாயை) சிமென்ட் கிரவுட்டில் இறுக்கி, வால்வும் பிரஷர் கேஜும் பூட்டி, எதிர்பார்க்கும் அழுத்தத்துக்கு மேலே சோதித்துவிட்டு அதன் வழியாகவே துளையுங்கள்.

வடித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் நின்றுவிட்டால் பழைய வேலை காலி என்று முடிவு கட்டாதீர்கள். சேறோ பழைய மரமோ துளையை அடைத்திருக்கும். ராடு விட்டுக் குத்திப் பார்த்து, வேறு துளையிலும் சரிபாருங்கள்.

தண்ணீருக்கு முன்னால் வாயு வரலாம்: ஆக்சிஜன் குறைந்த காற்று, மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு. கடைசியாகச் சொன்னது அழுகிய முட்டை வாடை அடிக்கும், ஆனால் செறிவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. அதனால் கருவிதான் சாட்சி. ஆக்சிஜன் 19 சதவீதத்துக்குக் கீழே போனால் எல்லோரையும் வெளியே எடுங்கள்.

துளை போடும் ஷிப்டில் இறக்கப் பக்கம் ஒருவரும் இருக்கக்கூடாது, தண்ணீர் அவர்களைத்தான் முதலில் அடைக்கும். தப்பும் வழி ஏற்றப் பக்கமாக இருக்க வேண்டும், அதை ஷிப்டு தொடங்கும் முன் நடந்து காட்டுங்கள்.

சர்வே மேசை:
ஒரு சேர்க்கை. பம்ப் வைத்து வடித்த பழைய வேலையைப் பிளானில் "வறண்டது" என்று நிரந்தரமாக எழுதாதீர்கள். நீர்மட்டத்தையும் அளந்த தேதியையும் எழுதி, மழைக்காலத்துக்குப் பின் மறுபடி அளந்து திருத்துங்கள்.