மகளுக்குச் சேர்க்கும் றங்குப்பெட்டி

கேள்வி (கிளிநொச்சி):
மகளுக்கு வயது 16. மூக்குப்பேணி (மூக்கு வைத்த பித்தளைக் குவளை), குத்துவிளக்கு, இரண்டு பட்டுச்சீலை என்று அவளுக்காக றங்குப்பெட்டியில் சேர்த்து வருகிறேன். என் அம்மா எனக்குச் சேர்த்ததை 2009 யுத்தத்தில் விசுவமடுவில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது பெட்டியின் மூடி மட்டும் கிடந்தது. அதுதான் இந்த அவசரம். நேற்றுத் திறந்தால் சீலைச் சரிகை கறுத்திருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் (புதுக்குடியிருப்பு):
பூச்சி உருண்டையைச் சீலைக்குள்ளேயே வைத்தீர்களா அக்கா? சரிகையில் படக்கூடாது. பழைய வேட்டித்துணியில் சுற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் மடிப்பை மாற்றுங்கள். இல்லாவிட்டால் மடித்த இடத்திலேயே கிழியும்.

பதில் (வவுனியா):
பித்தளையைப் பழப்புளி போட்டு விளக்கி, நன்றாகக் காயவிட்டு வேறாக வையுங்கள். அதுசரி, பிள்ளையிடம் கேட்டீர்களா?

கேள்வி கேட்டவர்:
உருண்டைதான் வைத்தேன், சரி. மகளிடம் கேட்டேன். தையல் மெசின் வேண்டுமாம். அது பெட்டிக்குள் அடங்காதே!