ஏடிஎச்டி: கண்ணை விட்டுப் போகாத ஒரு காட்சி

ஏடிஎச்டி (கவனக்குறைவு, துறுதுறுப்பு, அவசரம்) உள்ளவர்களோடு வேலை செய்பவர்கள், மனதில் நிற்கும் ஒரு காட்சியையும் அதில் கற்றதையும் இங்கே எழுதுகிறார்கள்.

மருந்தாளுநர்_மதுரை

நியூஸ்பேப்பர் துண்டில் மடிச்ச பொட்டலம். கவுண்டரில் பிரிச்சுக் காட்டினார் அந்த அப்பா. உள்ளே மெத்தில்ஃபெனிடேட்ங்கிற ஏடிஎச்டி மருந்து, 18 மி.கி. நீண்டநேர மாத்திரை, பிளேடால் பாதியா வெட்டினது. "சின்னப் பையனாச்சே, பவர் ஜாஸ்தியா இருக்குமேன்னு காலையில பாதி, சாயங்காலம் பாதி குடுக்கிறோம். காலையில படபடங்கிறான், மத்தியானம் பழையபடி ஆடுறான், ராத்திரி ஒரு மணி வரைக்கும் தூக்கம் இல்ல. மாத்திரை போலியா?"

போலி இல்லை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா மருந்தை விடுற மாதிரி செஞ்ச மாத்திரை அது. மேல் ஓடு உடைஞ்சா அந்த வேலை போச்சு. உள்ளே இருக்கிறது சாதா மாத்திரை மாதிரி மொத்தமா இறங்கி மூணு நாலு மணி நேரத்தில் தீர்ந்துடும். சாயங்காலம் குடுத்த பாதி தூக்கத்தைத் தின்னுடும். பவர் குறையணும்னா டாக்டர்தான் அளவையோ வகையையோ மாத்தணும், பிளேடு இல்ல. சில எஸ்ஆர் (மெதுவா மருந்தை விடுற) வகையில் நடுக்கோடு இருக்கும், டாக்டர் சொன்னா அதை மட்டும் ரெண்டாக்கலாம். இடிக்கிறது, மெல்லுறது எதிலும் கூடாது. இன்னொண்ணு, சில வகையில் காலி ஓடு அப்படியே மலத்தில் வரும். மருந்து உடம்பில் சேரலையோன்னு பயந்து இன்னொரு மாத்திரை குடுத்துடாதீங்க.

இது ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது சட்டப்படி கடுமையான கட்டுப்பாட்டோட விக்கிறது. அட்டையில் சிவப்பு எழுத்தில் எக்ஸ்ஆர்எக்ஸ்னு இருக்கும். டாக்டர் சீட்டு ரெண்டு பிரதி வேணும், ஒண்ணு கடையில் 2 வருஷம் இருக்கணும். தனி லைசென்ஸ் இருக்கிற கடையில்தான் கிடைக்கும். அட்டையில் ஏழு மிச்சம் இருக்கும்போதே தேட ஆரம்பிங்க.

சிறப்பாசிரியை

மூன்றாம் வகுப்பு. மதியம் 12.40. பையன் டிபன் பாக்ஸைத் திறக்கிறான், தக்காளி சாதத்தைப் பார்க்கிறான், மூடுகிறான். "பசிக்கல மிஸ்." அடம் என்று நினைத்து வகுப்பாசிரியை பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டப் பார்க்கிறார். அவன் வாயைப் பொத்திக்கொண்ட விதம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு வாரம் பாக்ஸ் நிறைந்தபடியே வீடு திரும்பியது. அம்மா யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. மெத்தில்ஃபெனிடேட் வேலை செய்யும் நேரத்தில் பசி மந்தமாகும், நேரம் தீர்ந்ததும் திரும்பும். சாப்பாட்டை அந்த நேரத்துக்கு வெளியே நகர்த்தினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். காலையில் இரண்டு தோசை, ஒரு முட்டை, அதன் பிறகு மாத்திரை. வெறும் வயிற்றில் மாத்திரை விழுந்தால் காலைச் சாப்பாடும் போச்சு. மதியத்துக்குக் கையில் பிடித்துத் தின்கிற மாதிரி கொஞ்சமாக: சப்பாத்திச் சுருள், கடலை உருண்டை, வாழைப்பழம். சாயங்காலம் பசி வரும்போது பிஸ்கட் பாக்கெட்டை நீட்டாதீர்கள், அதுதான் அவனுடைய நிஜமான மதியச் சாப்பாடு. இரவு 8.30க்கு இன்னொரு முறை. சிறு பிள்ளைகளுக்கு எடையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே மெஷினில் பாருங்கள். உயரம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எடை இறங்கிக்கொண்டே போனால் அந்தக் குறிப்போடு டாக்டரிடம் போகலாம்.

மருந்தின் வேலை தீர்கிற அந்தச் சாயங்கால வேளையில் அழுகையும் கோபமும் கூடும். டியூஷனைச் சரியாக அதே நேரத்தில்தான் வைப்பார்கள்.

ஆக்குபேஷனல்_தெரபி

எல்லாரும் பிள்ளைகள், மாத்திரை என்றே நிற்கிறீர்கள். வளர்ந்தவர்களைப் பற்றி யாராவது பேசலாமே.

ஒரு பெண், வயது முப்பதுக்கு மேல். பால் பொங்கக் கூடாது என்று அடுப்பு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான்கு நிமிடம். வாசலில் கூரியர் பெல். போய்க் கையெழுத்துப் போட்டு, கவரைப் பிரித்து, உள்ளே இருந்த துணியை அளவு பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுப்படியில் தீய்ந்த வாடை. மாமியார் ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டு அவரைப் பார்த்த பார்வை. "இப்பத்தானே போனேன் அத்தை" என்கிறார். போய்ப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. அவருக்கு அது நிஜமாகவே "இப்போது"தான்.

ஏடிஎச்டியில் நேரம் உள்ளே ஓடுவது சரியாகத் தெரியாது. ஆகவே நேரத்தை வெளியே கொண்டுவர வேண்டும், காதில் விழுகிற மாதிரி. அந்த வீட்டில் முதலில் மாற்றியது பால் குக்கர். இரட்டைச் சுவர் பாத்திரம், சுவருக்கு நடுவே மூக்குத் துவாரம் வழியாகத் தண்ணீர் ஊற்றி விசிலை மூட வேண்டும். பால் காய்ந்ததும் கூவும், சட்டென்று பொங்காது. முதல் வாரமே ஒரு தடவை தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார். தண்ணீர் இல்லாவிட்டால் விசிலே வராது, பாத்திரமும் கெடும். அதனால் இரவு கழுவிக் கவிழ்ப்பதற்குப் பதிலாக, கழுவிய கையோடு தண்ணீர் ஊற்றி மூடியே அடுப்பு மேல் வைப்பது என்று மாற்றினோம். புது வேலையைப் பழைய வேலையின் வாலில் கட்டினால்தான் நிற்கும்.

போனில் அலாரம் வைக்காதீர்கள். அலாரத்தை நிறுத்தப் போனை எடுத்தால் வாட்ஸ்அப். நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டுகிற சின்ன டைமர் வாங்குங்கள். அடுப்படியில் விட்டுவந்த டைமர் மாடிக்குக் கேட்காது.

உளவியலாளர்

பால் குக்கர் நல்ல யோசனை. ஆனால் மறதி என்றாலே ஏடிஎச்டி என்று யாரும் இதைப் படித்துவிட்டு முடிவு கட்டிவிடக் கூடாது.

மகனுக்காகப் பெற்றோர் கேள்வித்தாளை நிரப்ப வந்த ஓர் அம்மா. "தொடங்கிய வேலையை முடிப்பதில்லை" என்ற வரியில் பேனா நின்றுவிட்டது. "இது என் பையனா, நானா?" என்று கேட்டார். அதற்கு மேல் எழுத முடியாமல் தாளைத் திருப்பி வைத்துவிட்டார்.

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். மனநலக் கோளாறுகளைக் கண்டறிய உதவும் அமெரிக்கக் கையேடான, 2013இல் வந்த டிஎஸ்எம்-5 படி கவனக்குறைவுக்கு 9 அறிகுறி, துறுதுறுப்பும் அவசரமும் சேர்த்து 9. இரண்டில் ஒரு பட்டியலிலாவது பிள்ளைகளுக்கு 6, பதினேழு வயதிலிருந்து 5 இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, வேலை என்று குறைந்தது இரண்டு இடத்தில் தெரிய வேண்டும். சிலவாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் பலர் தடுமாறுகிறார்கள், முப்பது வருடம் முந்தியது யாருக்கு ஞாபகம்? பரணில் இருக்கும் பழைய ராங்க் கார்டைத் தேடுங்கள். "புத்திசாலி, கவனம் போதாது" என்று டீச்சர் எழுதிய ஒரு வரி பெரிய சாட்சி. அண்ணன், அக்கா, சித்தி யாரையாவது கூட அழைத்து வாருங்கள். பெண் பிள்ளைகள் ஓடியாடாமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், யாருக்கும் தொந்தரவு இல்லை. அதனால் யாரும் டாக்டரிடம் கூட்டிப்போவதும் இல்லை.

அதோடு தைராய்டு, ரத்தசோகை, குறட்டையோடு கெட்ட தூக்கம், மனச்சோர்வு இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நாற்பதில் புதிதாக முளைத்த மறதிக்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பக்கம் இருக்கும். பிள்ளைகளுக்கு என்றால் காதும் கண்ணும் முதலில். சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு, கூப்பிட்டாலும் தொட்டாலும் திரும்பாமல், பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்ந்தால் அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம், இஇஜி (மூளையின் மின்னலைப் பரிசோதனை) தேவைப்படும்.

செவிலியர்

சிறப்பாசிரியை மேடம், பசிக்காக ஞாயிற்றுக்கிழமை மாத்திரைக்கு லீவு விடலாம்னு சில டாக்டருங்க சொல்றாங்களே, அதை ஏன் விட்டுட்டீங்க?

மருந்தாளுநர்_மதுரை

அதைப் பொதுவா எழுதாம விட்டது நல்லதுன்னுதான் சொல்வேன். மெத்தில்ஃபெனிடேட்டுக்கு டாக்டர் சம்மதத்தோட லீவு விடலாம். இதே ஏடிஎச்டிக்குக் குடுக்கிற இன்னொரு மருந்து அட்டோமாக்செட்டின், அதுக்கு அப்படி முடியாது. அது தினமும் எடுத்தாத்தான் ஏறும், முழுப் பலன் தெரியவே பல வாரம் ஆகும். ஏடிஎச்டிக்குக் குடுக்கிற மூணாவது மருந்தான குளோனிடினைச் சட்டுனு நிறுத்தினா பி.பி. எகிறும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு லீவு விட்டாங்கன்னு குளோனிடினை நிறுத்தினா ஆபத்து.

தொடக்கப்பள்ளி_ஆசிரியர்

ஒரு கால்ல ஷூ. இன்னொரு கால் வெறுங்கால். அப்படியே வேன் ஏற வந்து நிற்கிறான் ஒரு பையன், கையில தண்ணி பாட்டில் மூடி மட்டும். பின்னாடி தாத்தா, "எத்தன தடவ சொன்னேன் சார், கேட்டியான்னு கேளுங்க". எல்லாப் பிள்ளைகளும் வேன் ஜன்னல்ல எட்டிப் பார்க்குது. அவன் தன் காலைப் பார்த்துக்கிட்டே நிக்கிறான்.

தாத்தா சொன்னது இதுதான்: "ஷூவ போட்டு, பாட்டில எடுத்து, டைரில கையெழுத்து வாங்கிட்டு வா." மூணு வேலை, சமையல்கட்டுல இருந்து குரல் மட்டும். அவன் மனசுல மூணும் ஒண்ணையொண்ணு தள்ளிடும். பக்கத்துல போய், தோளைத் தொட்டு, கண்ணைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு சொல்லணும். "ரெண்டு ஷூவும்." அவன் வாயால திருப்பிச் சொல்லட்டும். முடிஞ்சதும் அப்பவே ஒரு வார்த்தை பாராட்டு, அப்புறம் அடுத்தது. மாசக் கடைசியில சைக்கிள்னு சொன்னா வேலைக்கு ஆகாது, அன்னிக்குச் சாயங்காலமே கிடைக்கிற பத்து நிமிஷ கேரம் ஆட்டம் வேலை செய்யும்.

கதவுல அவன் கண்ணு உயரத்துக்கு நாலு போட்டோ ஒட்டுங்க: ஷூ, பை, பாட்டில், டைரி. அவனோட பொருளையே எடுத்த போட்டோவா இருக்கட்டும். முடிக்க முடிக்க ஒவ்வொண்ணுலயும் ஒரு கிளிப்பை மாட்டட்டும். ரெண்டு மூணு வாரத்துல அந்தப் போட்டோ அவன் கண்ணுக்குச் சுவரோட சுவரா ஆயிடும், மறுபடி ஒத்தை ஷூல வருவான். திட்டாம போட்டோவ வேற இடத்துக்கு மாத்துங்க, அட்டை நிறத்தையும் மாத்துங்க.