லீல் முற்றுகைக் கடிதங்கள்: தேதிக் குழப்பம், உதவி தேவை

1708-இல் பிரான்சின் லீல் நகரைக் கூட்டணிப் படைகள் முற்றுகையிட்டதை நாள்வாரியாக ஒரு பட்டியலாக்கி வருகிறேன். கூட்டணியின் ஆங்கிலேயத் தளபதி மார்ல்பரோவின் கடிதங்களில் வந்து மாட்டிக்கொண்டேன்.

அப்போது இங்கிலாந்தில் ஜூலியன் நாள்காட்டி, பிரான்சில் கிரெகோரியன். வித்தியாசம் 11 நாள். வைனென்டால் சண்டை ஒரு கணக்கில் செப்டம்பர் 17, இன்னொன்றில் 28. ஓஸ்டெண்ட் துறைமுகத்திலிருந்து முற்றுகைப் படைக்கு வெடிமருந்து கொண்டுபோன சுமார் 700 வண்டிகளைக் காக்க நடந்த சண்டை அது. வண்டிகள் வராமல் இருந்திருந்தால் முற்றுகையை நடத்திய இளவரசர் யூஜீனின் பீரங்கிகள் ஓய்ந்திருக்கும். அதனால் எந்தக் கடிதம் அதற்கு முன், எது பின் என்பது முக்கியம்.

கிழமை எழுதிய கடிதங்களைச் சரிபார்த்துவிட்டேன். லீலைக் காத்த பிரெஞ்சுத் தளபதி பூஃப்ளே நகரை ஒப்படைத்த அக்டோபர் 22, டிசம்பரில் கோட்டை வீழ்ந்தது, இரண்டையும் நங்கூரமாக வைத்தும் பார்த்தேன். முகாம் இருந்த ஊரின் பெயரை வைத்துத் தேடினால், மார்ல்பரோ ஒரே இடத்தில் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறார்! பிரிட்டிஷ் நிதியமைச்சர் கொடோல்ஃபினுக்கு எழுதியவற்றில் ஆட்களின் பெயருக்குப் பதில் வெறும் எண்கள் வேறு.

மிச்சம் நிற்பவை, கிழமையும் இல்லாமல் எந்த நாள்காட்டி என்ற குறிப்பும் இல்லாமல் இருக்கும் கடிதங்கள்தான். இவற்றின் தேதியை வேறு எதை வைத்து உறுதி செய்யலாம்?