டிசிஎஸ் ஏ-10சி: கோல்ட் ஸ்டார்ட்டில் ஈஏசி நிற்பதில்லை, ஜேடேம் குறி தவறுகிறது

பனைமரத்து_பைலட்:

டிசிஎஸ் வேர்ல்ட் (கணினியில் ஓட்டும் போர் விமான சிமுலேட்டர்), ஏ-10சி II மாட்யூல். வார்ட்ஹாக் ஸ்டிக், த்ராட்டில், ரெண்டு கூகர் எம்எஃப்டி ஃப்ரேம் (காக்பிட் திரைக்கான பட்டன் சட்டம்), ஒரே மானிட்டர். வானத்தில் தொடங்கும் மிஷனிலும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் ஹாட் ஸ்டார்ட்டிலும் ஒரு குறையும் இல்லை. கோல்ட் ஸ்டார்ட் (எல்லாம் அணைந்த நிலையிலிருந்து கிளப்புவது) என்றால் மட்டும் இந்த மூன்றும் வருகின்றன.

ஈஏசி (விமானத்தின் நிலையைத் தானாகப் பிடிக்கும் வசதி) சுவிட்சை ஆர்முக்குத் தள்ளினால் திரையில் உடனே ஆஃபுக்கு விழுகிறது. ஆட்டோபைலட் பிடிப்பதில்லை, பீரங்கி சுடும்போது பேக் என்ற வசதியும் விமானத்தின் மூக்கை நிறுத்திப் பிடிப்பதில்லை.

டிஜிபி (இலக்கு பார்க்கும் கேமரா பாட்) குறுக்குக்கோட்டை டாங்கி மேல் வைத்து ஜிபியு-38 (ஜிபிஎஸ் வழிகாட்டும் ஜேடேம் குண்டு) போட்டால் குண்டு வேறெங்கோ போகிறது. ஒரு தடவை ஸ்டீர்பாயின்ட் (பயணத் திட்டத்தில் குறித்த வழிப்புள்ளி) பக்கத்திலேயே விழுந்தது.

டாக்ஸிக்கு முன் ஆயுதம் மாற்றினால் டிஎஸ்எம்எஸ் (ஆயுத நிர்வாகம்) பக்கத்தில் ரெண்டு ஸ்டேஷன் (ஆயுதம் மாட்டும் இடம்) சிவப்பாக நிற்கிறது.

என் வரிசை: பேட்டரி, இன்வெர்ட்டர், ஏபியு (எஞ்சினைக் கிளப்ப உதவும் துணை எஞ்சின்), ஏபியு ஜெனரேட்டர், இடது எஞ்சின், வலது எஞ்சின், அதற்குப் பிறகு சிடியு (வழிகாட்டிக் கணினியின் திரையும் விசைகளும்), இஜிஐ. சிடியுவில் எண்கள் ஓட ஆரம்பித்து ரெண்டு நிமிடத்தில் டாக்ஸி. நிஜ விமானத்திலும் இப்படித்தானா, மாட்யூலின் பக்கா, இல்லை நான் எதையாவது விட்டேனா?


இரும்புப்பன்றி:

பக் இல்லை. மூன்றுக்கும் மூன்று தனிக் காரணம் இருக்கிறது. ஆனால் முதலில் சரிசெய்ய வேண்டியது அந்த ரெண்டு நிமிட டாக்ஸி.

இஜிஐ என்பது ஜிபிஎஸ்ஸும் இனர்ஷியல் கருவியும் ஒரே பெட்டியில். மின்சாரம் வந்ததும் அதற்கு ரெண்டு வேலை, இதைத்தான் சீரமைவு என்பது. ஒன்று, புவியீர்ப்பை வைத்து 'கீழே' எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது. இது சீக்கிரம் முடியும். இன்னொன்று, பூமி சுழல்வதை ஜைரோவில் உணர்ந்து வடக்கைக் கண்டுபிடிப்பது. நேரம் தின்பது இதுதான். பூமி மணிக்கு 15 பாகைதான் சுழல்கிறது. அதிலும் வடக்கைக் காட்டிக்கொடுப்பது கிடைமட்டப் பங்கு மட்டும். காகசஸ் மேப்பில் பத்துமி ஏறத்தாழ 41.6 பாகை வடக்கு. அங்கே அந்தப் பங்கு மணிக்குச் சுமார் 11 பாகை. இவ்வளவு மெல்லிய அசைவை அளந்துகொண்டிருக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு டாக்ஸி போனால் அது எதை அளக்கும்?

சிடியுவில் ஓடும் எண்களில் டி என்பது கடந்த நேரம். பக்கத்தில் இறங்கிக்கொண்டே வருவது பிழை மதிப்பு. டி 4.0 வாக்கில் பிழை 0.8-க்கு வந்து, நேவ் ரெடி என்ற எழுத்து மினுக்கும். மினுக்கினால் போதாது. நேவ் வரிக்குப் பக்கத்திலுள்ள பட்டனை நீங்களே அழுத்த வேண்டும். அதன்பின் முன்பலகையில் இருக்கும் என்எம்எஸ்பியில் (வழிகாட்டி முறையைத் தேர்ந்தெடுக்கும் பேனல்) இஜிஐ பட்டன். இந்த ரெண்டாவதை மறப்பவர்கள்தான் அதிகம். மறந்தால் திசையும் கிடைநிலையும் ஹார்ஸ் என்கிற மாற்றுக் கருவியிலிருந்தே வந்துகொண்டிருக்கும். கடிகார முகங்கள் எல்லாம் உயிரோடு இருப்பதால் சந்தேகமே வராது.

ஜேடேமுக்கும் தனியாகச் சீரமைவு உண்டு. அது விமானத்தின் இஜிஐயைப் பார்த்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. டிஎஸ்எம்எஸ்ஸில் அந்த ஸ்டேஷன் ரெடி காட்டும் முன் போடாதீர்கள்.

குண்டு ஸ்டீர்பாயின்ட்டில் விழுந்ததுக்குக் காரணம் மட்டும் வேறு, அது எஸ்பிஐ, அதாவது விமானம் இப்போது குறியாக எடுத்துக்கொள்ளும் புள்ளி. குண்டு போவது டிஜிபி பார்க்கும் இடத்துக்கு இல்லை, விடுவிக்கும் கணத்தில் எஸ்பிஐ எங்கே இருக்கிறதோ அங்கே. தொடக்கத்தில் எஸ்பிஐ ஸ்டீர்பாயின்ட்டில் உட்கார்ந்திருக்கும். அதனால் த்ராட்டிலில் உள்ள கூலி ஹேட் பட்டனை டிஜிபி இருக்கும் பக்கம் கொஞ்ச நேரம் பிடித்து அந்த எம்எஃப்சிடியை (காக்பிட் திரை) எஸ்ஓஐ, அதாவது கட்டுப்பாடு செல்லும் திரை ஆக்குங்கள். குறுக்குக்கோட்டை இலக்கில் வைத்து ஸ்டிக்கில் உள்ள டிஎம்எஸ் பட்டனை முன்பக்கம் ஒரு தட்டு தட்டினால் ஏரியா, பாயின்ட் என்று ட்ராக் மாறும்; அதையே அழுத்திப் பிடித்தால்தான் எஸ்பிஐ டிஜிபிக்கு வரும். ஹட்டின் (கண்முன் கண்ணாடித் திரை) இடது கீழ் மூலையில் எஸ்டிபிடி (ஸ்டீர்பாயின்ட்) என்று இருந்தது டிஜிபி என மாறியதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் பட்டனில் கை வைக்காதீர்கள். மாறியிருந்தால் விடுவிக்கும் பட்டனைத் தட்டிவிட்டு எடுக்காமல் குண்டு கழலும்வரை பிடித்திருங்கள். டிஎம்எஸ் பின்பக்கம் நீண்ட அழுத்தம் எஸ்பிஐயைத் திரும்ப ஸ்டீர்பாயின்ட்டுக்கே அனுப்பிவிடும். ஒரு தடவை எஸ்பிஐ வைத்துவிட்டு அடுத்த இலக்குக்கு நகரும்போது விரல் தவறி இது நடப்பதுண்டு.

டிஎஸ்எம்எஸ் சிவப்பு: டிடிஎஸ்ஸிலிருந்து (மிஷன் தரவை ஏற்றும் கருவி) லோட் ஆல் கொடுத்தபோது இருந்த ஆயுதப் பட்டியலும் இப்போது இறக்கையில் தொங்குவதும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஆயுதம் மாற்றியபின் லோட் பக்கத்துக்குப் போய் டிஎஸ்எம்எஸ்ஸை மட்டும் மறுபடி ஏற்றினால் போய்விடும்.


சுவிட்ச்_சுப்பு:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா ஈஏசிக்கு இன்னும் பதில் வரல, அதுக்கு மட்டும் வர்றேன்.

நிஜ ஏ-10ல ஈஏசி சுவிட்ச் ஸ்ப்ரிங் போட்டது. தள்ளினா காந்தம் பிடிச்சுக்கும். நிபந்தனை ஏதாவது ஒண்ணு போனா காந்தம் விட்டுடும், சுவிட்ச் தானா ஆஃபுக்கு வந்துடும். டிசிஎஸ் அதை அப்படியே செஞ்சிருக்காங்க. வார்ட்ஹாக் த்ராட்டில்ல இருக்கிறது சாதா டாகிள். திரைல ஆஃப், கைல ஆர்ம். இந்த நிலைல எத்தனை தடவை ஆர்ம் பக்கம் அழுத்தினாலும் ஒண்ணும் நடக்காது. முழுசா ஆஃபுக்கு இழுத்துட்டு மறுபடி தள்ளணும்.

ஏன் விழுது? பெரும்பாலும் எஸ்ஏஎஸ், அதாவது விமானத்த ஆடாம வைக்கிற அமைப்பு. இடது கன்சோல்ல நாலு சுவிட்ச் இருக்கும்: யா (பக்கவாட்டுத் திருப்பம்) ரெண்டு, பிட்ச் (மூக்கு மேல கீழ) ரெண்டு. ஹாட் ஸ்டார்ட்ல அதெல்லாம் போட்டே வரும், அதான் அங்க பிரச்சினை தெரியல. இதுவும் காந்தப் பிடிதான். ரெண்டு எஞ்சினும் ஓடி ரெண்டு ஹைட்ராலிக் அழுத்தமும் வந்தப்புறம் போடுங்க. அப்புறம் பக்கத்துல டேக்ஆஃப் ட்ரிம் பட்டன், ஆண்டி-ஸ்கிட். முன்னாடி ஏஎச்சிபில (ஆயுத, ஹட் பேனல்) சிஐசியு, ஜேடிஆர்எஸ், டிஜிபி எல்லாம் ஆன். ஐஎஃப்எஃப்சிசிய (பறப்பு, சுடுதல் கட்டுப்பாட்டுக் கணினி) டெஸ்ட்ல வச்சு அப்புறம் ஆன். பேக், ஆட்டோபைலட் ரெண்டுக்கும் மூளை அந்த ஐஎஃப்எஃப்சிசிதான். இஜிஐ நேவுக்கு வந்த பிறகு, எல்லாத்துக்கும் கடைசியா ஈஏசி. இந்த வரிசைல போனா நிக்கும்.

பறக்கும்போது திடீர்னு விழுந்தா ஸ்டிக் அடில இருக்கிற பேடில் லீவர பாருங்க. அதை அழுத்தினா எஸ்ஏஎஸ் கழண்டுடும், பின்னாடியே ஈஏசியும் போயிடும். சின்ன விரலை இறுக்கிப் பிடிக்கிறவங்களுக்கு, அதுவும் ரீஃப்யூலிங் நேரத்துல, இது அடிக்கடி நடக்கும்.

இன்னொண்ணு. டிசிஎஸ் செட்டிங்ஸ்ல மிஸ்க் பக்கத்துல, மிஷன் தொடங்கும்போது காக்பிட் சுவிட்சுகளை ஹோட்டாஸோட (கைல இருக்கிற ஸ்டிக், த்ராட்டில்) ஒத்திசைக்கிற டிக் இருக்கு. அது போட்டிருந்தா மிஷன் லோட் ஆனதுமே த்ராட்டில்ல இருக்கிற நிலை உள்ள போகும். கோல்ட் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ரெண்டு லீவரும் ஆஃப் பள்ளத்துல, எஞ்சின் ஆபரேட் சுவிட்ச் ரெண்டும் நார்ம்ல, ஏபியு ஆஃப்ல, ஈஏசி ஆஃப்ல. அந்த சுவிட்ச் மோட்டார்ல கிடந்தா எஞ்சின் சுத்தும், தீப்பத்தாது.

பேக் பத்தி: வார்ட்ஹாக் ட்ரிகர் ரெண்டு கட்டம். முதல் கட்டம் மூக்கைப் பிடிக்கும், ரெண்டாவது சுடும். ரெண்டையும் தனித்தனியா பைண்ட் பண்ணியிருக்கான்னு பாருங்க. ஏஎச்சிபில சுவிட்ச் பேக் ஆர்ம்ல இருக்கணும், கன் ஆர்ம்ல இருந்தா சுடும், பிடிக்காது.


பனைமரத்து_பைலட்:

ரெண்டு பேருக்கும் நன்றி. எஸ்ஏஎஸ்தான்; நாலும் ஆஃபில் கிடந்தது. எஸ்பிஐ மாற்றியதும் ஜேடேமும் சரியாகப் போகிறது. இன்னும் ரெண்டு கேள்வி. நாலு நிமிடத்தைக் குறைக்க வழி உண்டா? ஏஏபி பேனலையும் (சிடியு, இஜிஐ சுவிட்சுகள் இருக்கும் பேனல்) மின்சாரப் பேனலையும் அர்டுயினோ (சின்ன கட்டுப்பாட்டுப் பலகை) வைத்து நிஜ சுவிட்சில் செய்ய நினைக்கிறேன். இந்தக் காந்தச் சுவிட்ச் சமாசாரத்தை அங்கே எப்படிச் சமாளிப்பது?


இரும்புப்பன்றி:

குறைக்காதீர்கள், மறைத்துவிடுங்கள். ஏபியு 100 சதவீதத்துக்கு வந்து அதன் ஜெனரேட்டர் ஆன் ஆனதும் அடுத்த வேலை சிடியு, இஜிஐ. எஞ்சினுக்காகக் காத்திருக்க வேண்டாம். ரெண்டு எஞ்சினையும் ஓட்டி, எம்எஃப்சிடி போட்டு, லோட் ஆல் கொடுத்து, எஸ்ஏஎஸ், ரேடியோ எல்லாம் முடிப்பதற்குள் நாலு நிமிடம் போய்விடும். டிஜிபியின் எஃப்எல்ஐஆர் (வெப்பக் கேமரா) குளிரவும், மேவரிக் ஏவுகணை இருந்தால் அதன் ஜைரோ தயாராகவும் நேரம் வேண்டும். மேவரிக்குக்கு ஈஓ பவர் போட்டு மூன்று நிமிடம். அதையும் இந்த இடைவெளியிலேயே தொடங்கிவிடுங்கள்.

எஃப்-16 ஓட்டுபவர்கள் 90 வினாடியில் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஸ்டோர் ஹெடிங். கடைசியாக எஞ்சினை நிறுத்தியபோது பதிந்த திசையை நம்பி, வடக்கைத் தேடும் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கிறது. நிறுத்திய பிறகு விமானத்தை யாரும் ஒரு அடிகூட நகர்த்தியிருக்கக் கூடாது. சாதாரணச் சீரமைவு அங்கே எட்டு நிமிடம். எஃப்/ஏ-18சியில் குமிழை இடத்துக்குத் தகுந்தபடி வைக்க வேண்டும்: கப்பலில் சிவி, தரையில் ஜிஎன்டி. பார்க்கிங் பிரேக் போட மறந்தால் சீரமைவு முன்னேறாது.


சுவிட்ச்_சுப்பு:

பேனலுக்கு டிசிஎஸ்-பயாஸ் (டிசிஎஸ்ஸையும் அர்டுயினோவையும் இணைக்கிற மென்பொருள்) போதும். அதோட ஃபோல்டர சேவ்ட் கேம்ஸ்ல டிசிஎஸ் ஸ்கிரிப்ட்ஸ்குள்ள போட்டு எக்ஸ்போர்ட் ஃபைல்ல ஒரு வரி சேக்கணும். அந்த ஃபைல்ல வேற மென்பொருளோட வரி ஏற்கெனவே இருந்தா அழிக்காம கீழ சேருங்க. பாதிப் பேருக்கு 'ஒண்ணுமே வரல'ன்னு ஆகிறது இங்கதான்.

வயரிங் சுலபம். டிசிஎஸ்-பயாஸோட அர்டுயினோ நூலகம் உள் புல்-அப் ரெசிஸ்டர பயன்படுத்துது. சுவிட்சோட ஒரு கால் பின்னுக்கு, இன்னொண்ணு கிரவுண்டுக்கு. வெளி ரெசிஸ்டர் வேண்டாம், 5 வோல்ட்ட சுவிட்ச் பக்கம் கொண்டு போகவே வேண்டாம். சிடியு, இஜிஐ, பேட்டரி எல்லாம் சாதா ரெண்டு நிலை டாகிள். இன்வெர்ட்டர் மூணு நிலை: டெஸ்ட், ஆஃப், ஸ்டாண்ட்பை. அதுக்கு நடுவுல ஆஃப் இருக்கிற ஆன்-ஆஃப்-ஆன், ரெண்டு பின். டெஸ்ட் பக்கம் ஸ்ப்ரிங் இருந்தா நல்லது. ஸ்டீர்பாயின்ட் ரோட்டரி மூணு நிலை, பேஜ் ரோட்டரி நாலு. ஒரு நிலைக்கு ஒரு பின். சுத்துறப்போ நடுவுல எந்தக் காலும் தொடாத ஒரு நொடி வரும், அதுக்குன்னே பல நிலை சுவிட்ச் வகை நூலகத்துல இருக்கு. அதை விட்டுட்டு மூணு தனி சுவிட்சா எழுதினீங்கன்னா பேனல் பேய் பிடிச்ச மாதிரி ஆடும்.

காந்தச் சுவிட்சுக்கு மலிவான வழி: ஒரு பக்கம் ஸ்ப்ரிங்கோட திரும்புற டாகிள், பக்கத்துல ஒரு எல்ஈடி. தள்ளினா ஆர்ம், கைய எடுத்தா நடுவுக்கு வந்துடும். உண்மை நிலைய டிசிஎஸ்-பயாஸ்லேர்ந்து படிச்சு எல்ஈடில காட்டுங்க. திரை சொல்றதும் பேனல் சொல்றதும் மாறவே மாறாது. நிஜக் காந்தம் பிடிக்கிற சுவிட்ச் பழைய விமான உதிரிபாகமா கிடைக்கும், ஆனா அது 28 வோல்ட் கேக்கும். தனி சப்ளை, நடுவுல ட்ரான்சிஸ்டர், காயிலுக்குக் குறுக்கே டையோடு. டையோடு விட்டா காயில் விடும்போது வர்ற எதிர்மின்னழுத்தம் ட்ரான்சிஸ்டர காலி பண்ணிடும்.

அடுத்து காஷன் லைட் (எச்சரிக்கை விளக்கு) பேனல் செய்வீங்க, எல்லாரும் அங்கதான் போவாங்க. 48 விளக்கு. ஒரு மேக்ஸ்7219 சிப் 64 எல்ஈடி ஓட்டும், அர்டுயினோல மூணு பின்தான் எடுக்கும்.


நேர்கோடு:

இழையின் தலைக்கேள்விக்கு ஒரு சேர்க்கை. 'நிஜத்திலும் இப்படித்தானா' என்பதற்குச் சுவிட்சுக்குச் சுவிட்ச் பதில் மாறும். ஃப்ளேமிங் கிளிஃப்ஸ் (டிசிஎஸ்ஸின் எளிமையான விமானத் தொகுப்பு) வகை எஃப்-15சி, சு-27 இவற்றில் காக்பிட்டைத் தொடவே முடியாது. சீரமைவு என்ற பேச்சே இல்லை. ஏ-10சி எதிர்முனை. அதன் அடிப்படை, அமெரிக்க ஏர் நேஷனல் கார்டுக்காக மேசைக் கணினிப் பயிற்சிக்கென்று செய்த மென்பொருள். விளையாட்டாக 2011-இல் வந்தது. அதனால் மின்சாரம், ஹைட்ராலிக், சிடியு பக்கங்கள் இவற்றின் சங்கிலித்தொடர்பை நம்பலாம். ஆனால் எதிரி ரேடாரைக் குழப்பும் ஈசிஎம் பாட் பல மாட்யூல்களிலும் போலவே இதிலும் மிக எளிமையானது. பட்டன் அழுந்துகிறது, விளக்கு எரிகிறது என்பதால் அதன் பின்னால் முழுக் கணக்கும் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பேனல் செய்யும்போது இதே கண்ணோடு பாருங்கள். டிரான்ஸ்பாண்டர் பேனலுக்கு ஆறு சக்கரமும் எட்டு டாகிளும் வாங்குமுன், அந்தக் காசில் ஏஎச்சிபியையும் எஸ்ஏஎஸ் பேனலையும் முடித்துவிடலாம்.


பனைமரத்து_பைலட்:

ஏஎச்சிபியை முதலில் எடுக்கிறேன். அதில் லேசர் சுவிட்ச் மூன்று நிலைதானே?


சுவிட்ச்_சுப்பு:

ஆமா. ஆர்ம், சேஃப், ட்ரெயின். மாஸ்டர் ஆர்மும் கன்னும் அதே மாதிரி மூணு நிலை. ஐஎஃப்எஃப்சிசியும் மூணுதான்: ஆஃப், டெஸ்ட், ஆன். ஆன்-ஆஃப்-ஆன் டாகிள் நாலு வாங்குங்க. மாஸ்டர் ஆர்முக்கு மட்டும் தூக்கித் தள்ற லாக் வகை பாருங்க, கை பட்டு மாறாது.